பிளாஸ்டிக் பொருள்களின் சக்திக் கணக்கு: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் ஒருமுறை பயன்படுத்திய பொருள் மீண்டும் பயனுக்கு வருதற்கு இரு வழிகள் உள. ஒன்று, அப்பொருளை அதன் வடிவம் கெடாது கழுவித் துடைத்து முன்போலவே கையாளுதல். மற்றொன்று, அதனை உடைத்து உருக்கி மூலப்பொருளாக்கி, அம்மூலப்பொருளிலிருந்து புதுப்பொருள் செய்தல். முன்னையதை மீள்பயன்பாடு எனவும் பின்னையதை மீள்சுழற்சி எனவும் இன்று வழங்குவர். நேற்றுப் பால் வாங்கிய போத்தலைக் கழுவி இன்றும் பாலுக்குக் கொண்டு செல்வது முன்னையது. நெளிந்து ஓட்டையான பித்தளைக் குடத்தைக் கன்னானிடம் கொடுத்துப் புதுக்குடம் வார்ப்பித்துக்கொள்வது பின்னையது.

இவ்விரு வழக்கங்களும் பழைமையானவை. இவற்றின் வேறுபாட்டை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உருக்குதற்கு உலையும் கரியும் வேண்டும். கழுவுதற்கு நீரும் கைப்பிடிச் சாம்பரும் போதும். ஆகவே குடம் பயன்படுங்காறும் பயன்படுத்தினர். பயன்படாதாயபோதே உலைக்கு அனுப்பினர். ஓட்டையில்லாக் குடத்தை நாடோறும் உருக்கி நாடோறும் புதிதாக வார்ப்பிப்பவன் ஒருவன் இருப்பின், அவனை உலகம் நகைத்திருக்கும். ஆனால் பிளாஸ்டிக் பொருள்கள் பெருகிய காலத்தில் அவ்விரு வழிகளும் ஒன்றே எனக் கருதப்படலாயின. கழித்த போத்தலை உரிய கூடையில் இட்டுவிட்டால் அதன்கண் அடங்கிய சக்தி முழுவதும் காக்கப்பட்டுவிடும் என்னும் எண்ணம் பரவியது. இவ்வெண்ணம் எவ்வாறு தோன்றியது, இவ்விரு வழிகளுக்கும் உண்மையில் எவ்வளவு சக்தி செலவாகின்றது, அதனை அறிஞர் எக்காலத்தில் எம்முறையில் அளந்தனர் என்பன ஈண்டு ஆராயப்படும்.

அருமைப்பொருளாய்ப் பிறந்தமை

பிளாஸ்டிக் எறிதற்கென்று பிறந்த பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானைத் தந்தம், ஆமையோடு முதலியன அருகி விலையேறியபோது, அவற்றுக்கு மாற்றுத் தேடியவர்களின் முயற்சியிலேயே அது தோன்றிற்று. 1862ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த சர்வதேசக் கண்காட்சியில், தாவரங்களின் செலுலோசிலிருந்து தாம் ஆக்கிய பார்க்கசீன் என்னும் பொருளை அலெக்சாந்தர் பார்க்ஸ் என்பவர் காட்சிக்கு வைத்தார். 1870ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ஜோன் வெஸ்லி ஹயற் செலுலோயிட்டை உருவாக்கினார். பில்லியட் ஆட்டப் பந்துகளுக்குத் தந்தத்தை ஒத்த பொருளொன்று தேடியமையே அவர் முயற்சிக்குத் தூண்டுகோல். செலுலோயிட்டாலான சீப்பும் கண்ணாடிச் சட்டமும் வீடுகளிற் பேணிவைத்துப் பயன்படுத்தப்பட்டன.

1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பேக்கலைற்று, இயற்கைப் பல்பகுதியம் எதனையும் அடிப்படையாகக் கொள்ளாது முற்றிலும் செயற்கையாக ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்டிக் ஆகும். மின் ஆளிகள், வானொலிப் பெட்டிகள், தொலைபேசிகள் முதலியன அதனால் அமைந்தன. இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. பேக்கலைற்று ஒருமுறை வெப்பத்தால் இறுகியபின் மீள உருகாது. ஆகவே உருக்கி மீள வார்க்கும் முறை அதற்குப் பொருந்தாது. ஆயினும் அது ஒரு குறையாக அக்காலத்தவர்க்குத் தோன்றவில்லை. பல்லாண்டுகள் ஒரே மேசைமீது இருந்து பணி செய்யும் தொலைபேசியை உருக்கவேண்டிய தேவை எழவில்லை. நெடிது பயன்படும் பொருளுக்கு மீள்சுழற்சி இன்றியமையாததன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1920ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் ஸ்ரௌடிங்கர், இத்தகைய பொருள்கள் மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆயவை எனும் கொள்கையை வெளியிட்டார். 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் வின்னிங்ரன் என்னும் இடத்திலுள்ள ஆய்வுகூடத்தில் றெஜினோல்ட் கிப்சன், எரிக் போசெற் ஆகிய இருவரும் எதிலீன் வாயுவை மிகுந்த அமுக்கத்துக்கு உட்படுத்தியபோது, மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று எதிர்பாராது எஞ்சிற்று. அதுவே பொலித்தீன். இரண்டாம் உலகப் போரில் அது ராடர்க் கருவிகளின் மின்வடங்களுக்குக் காப்புறையாயிற்று. 1941இல் மஞ்செஸ்ரரைச் சேர்ந்த பருத்தி அச்சிடுவோர் நிறுவனமொன்றில் வின்ஃபீல்ட், டிக்சன் என்பார் பெற் எனச் சுருக்கி வழங்கப்படும் பொலியெத்திலீன் தெரப்தலேற்றை ஆக்கினர். 1953இல் கார்ல் சீக்லர் குறைந்த அமுக்கத்திலேயே உறுதியான பொலித்தீனை ஆக்கும் முறையையும், அடுத்த ஆண்டில் யூலியோ நாற்றா பொலிபுறொப்பிலீனையும் கண்டனர். வாளி, போத்தல், பை, உணவுப் பெட்டி என இன்று வீடுகளில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை இம்மூவகைப் பொருள்களால் ஆயவை. இவை பேக்கலைற்றைப் போலன்றி மீண்டும் மீண்டும் உருகத்தக்கவை. அவ்வியல்பே பின்னர் மீள்சுழற்சிக் கொள்கைக்கு இடமளித்தது.

எறியும் பழக்கம் தோன்றியமை

போர் முடிந்தபின் பெருந்தொழிற்சாலைகள் இப்பொருள்களுக்குப் புதுச் சந்தையைத் தேடின. நெடிது உழைக்கும் பொருளை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கப் பல்லாண்டு செல்லும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளையோ நாடோறும் வாங்கவேண்டும். 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து லைஃப் சஞ்சிகையில், ஒரு குடும்பத்தினர் தட்டுகளையும் கிண்ணங்களையும் வானோக்கி வீசும் படமொன்று வெளிவந்தது. அப்பொருள்கள் அனைத்தையும் கழுவுவதாயின் 40 மணி நேரம் செல்லும் என்றும், எறிந்துவிடின் இல்லத்தரசிக்கு அவ்வுழைப்பு மிச்சம் என்றும் அச்சஞ்சிகை போற்றியது. அடுத்த ஆண்டில் நியூயோர்க்கிற் கூடிய பிளாஸ்டிக் தொழிலதிபர் மாநாட்டில், பொதியிடற் சஞ்சிகையொன்றின் ஆசிரியரான லொயிட் ஸ்ரௌபர், பிளாஸ்டிக்கின் எதிர்காலம் குப்பைத்தொட்டியிலேயே உள்ளது என்னும் கருத்துப்பட உரையாற்றினார். மீளப் பயன்படும் பொதிகளைப்பற்றிய எண்ணத்தை விடுத்து, ஒருமுறைப் பொதிகளிற் கருத்தூன்றுதல் வேண்டும் என்பதே அவருரையின் சாரம். 1963இல் அவரே மீண்டும் அத்தொழிலதிபர் முன் தோன்றி, அது நிறைவேறி வருவதைச் சுட்டிப் பாராட்டினார்.

இம்மாற்றம் வெறுமையில் நிகழவில்லை. ஏலவே சீராக இயங்கிய ஓர் ஒழுங்கை அது அகற்றிற்று. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் மென்பானம் ஏறக்குறைய முழுவதும் திரும்பும் கண்ணாடிப் போத்தல்களிலேயே விற்கப்பட்டது. வாங்குவோர் சிறுதொகையைப் பிணைப்பணமாகக் கொடுப்பர். வெறும் போத்தலைத் திருப்பும்போது அதனைப் பெற்றுக்கொள்வர். ஊர்தோறும் இருந்த சிறு ஆலைகள் அப்போத்தல்களைக் கழுவி மீள நிரப்பின. நெடுஞ்சாலைகள் விரிய, சிறு ஆலைகள் மூடப்பட்டு, தொலைவிலுள்ள பேராலைகள் எழுந்தன. வெறும் போத்தலை அத்துணைத் தூரம் திருப்பிச் சுமப்பது வணிகருக்குச் செலவாயிற்று. பெருங்கடைகளும் வெறும் போத்தல்களை ஏற்று அடுக்கிவைக்கும் தொல்லையை விரும்பவில்லை. தகரக்குவளையும் ஒருமுறைக் கண்ணாடிப் போத்தலும் முதலில் வந்தன. 1973இல் நதானியல் வையத் என்னும் பொறியியலாளர் பெற் போத்தலுக்கு ஆக்கவுரிமை பெற்றார்; அப்பத்தாண்டு முடியுமுன் அது கடைகளை நிறைக்கத் தொடங்கிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மென்பானத்தில் நூற்றுக்கு ஒன்றேனும் திரும்பும் போத்தலில் விற்கப்படவில்லை.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. வேர்மொன்ற் மாநிலம் 1953ஆம் ஆண்டிலேயே மீள நிரப்பவொண்ணாப் பியர்ப் போத்தல்களைத் தடைசெய்தது. அச்சட்டம் 1957இல் காலாவதியாயிற்று. ஒறிகன் மாநிலம் 1971இல் இயற்றிய பிணைப்பணச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

கணக்கின் தோற்றம்

இச்சூழ்நிலையிலேயே சக்திக் கணக்கு என்னும் புதுத்துறை தோன்றிற்று. 1969ஆம் ஆண்டில் கொக்கா-கோலாக் கம்பனியினர், தம் பானத்துக்கான கொள்கலங்களை நிலத்தினின்று மூலப்பொருள் எடுக்கும் நிலைமுதல் குப்பையாகும் நிலைவரை தொடர்ந்து அளந்து ஒப்பிடுமாறு மிட்வெஸ்ட் ஆய்வு நிலையத்தை வேண்டினர். அவ்வாய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை. ஆயினும் ஒரு பொருளின் வாழ்நாள் முழுவதையும் கணக்கிடும் முறைக்கு அதுவே முன்னோடி என்பர்.

1972ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. இலினோய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புறூஸ் ஹனன், ஒருமுறைக் கண்ணாடிப் போத்தலையும் திரும்பும் போத்தலையும் ஒப்பிட்டு, ஒரே அளவு பானத்தை மக்களிடம் சேர்ப்பதற்கு முன்னையது பின்னையதிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சக்தியைக் கொள்கின்றது எனக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இயன் பௌஸ்ரெட் பாற்போத்தலின் சக்தியை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். 1973இல் எண்ணெய் நெருக்கடி எழுந்தபோது, இதுவரை அறிஞர் சிலரின் ஆராய்ச்சியாயிருந்த இக்கணக்கு அரசுகளின் கவனத்தை ஈர்த்தது. 1974இல் அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவர் நிலையம் வெளியிட்ட ஒன்பது கொள்கலங்களின் ஒப்பீட்டில், பத்து முறை திரும்பும் கண்ணாடிப் போத்தலே மேம்பட்டு நின்றது. எனவே, எறிதல் சக்தியை விழுங்கும் என்பது பெற் போத்தல் உலகெங்கும் பரவுமுன்னரே அறியப்பட்டிருந்தது.

பிளாஸ்டிக்கினுள் அடங்கிய சக்தி

இனி, பிளாஸ்டிக்கின் கணக்கை நோக்குதல் வேண்டும். சக்தியை மெகாயூல் என்னும் அலகால் அளப்பர். மூன்று லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க ஏறத்தாழ ஒரு மெகாயூல் வேண்டும். ஒரு கிலோகிராம் புதுப் பெற் பிளாஸ்டிக்கை எண்ணெயிலிருந்து ஆக்குதற்கு ஏறத்தாழ 70 முதல் 80 மெகாயூல் செலவாகின்றது. பொலித்தீனும் இதனை ஒத்ததே. இத்தொகையில் ஏறத்தாழ அரைவாசி, பொருளாகவே மாறிய எண்ணெயின் எரிசக்தி. எஞ்சிய பாதி, அவ்வெண்ணெயைப் பிரித்து, வாயுவாக்கி, சங்கிலியாகத் தொடுக்கும் தொழிலில் செலவானது. ஆகவே பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கையிற் பிடித்திருப்பவர், உறைந்த எண்ணெயைப் பிடித்திருக்கின்றார் எனலாம்.

மீள்சுழற்சி இச்சக்தியிற் பெரும்பகுதியைக் காக்கின்றது என்பதில் ஐயமில்லை. சேகரித்த போத்தல்களைப் பிரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீராற் கழுவி, உலர்த்தி, உருக்கி மணிகளாக்குவர். 2018இல் அமெரிக்காவில் ஃபிராங்ளின் அசோசியேற்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு பெற்ற பெற் மணிகளுக்குப் புது மணிகளிலும் நூற்றுக்கு 79 பங்கு குறைவான சக்தியே செலவாகின்றது. உறுதிப் பொலித்தீனுக்கும் பொலிபுறொப்பிலீனுக்கும் அது நூற்றுக்கு 88 பங்கு குறைவு. மீள்சுழற்சியால் யாதும் பயனில்லை எனக் கூறுவோர் இவ்வெண்களை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் இங்கு காக்கப்பட்டது மணியேயன்றிப் போத்தலன்று. மணியை மீள உருக்கி, அச்சிலிட்டு, காற்றூதிப் போத்தலாக்கும் சக்தி ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் செலவாதல் வேண்டும். அன்றியும் பெற் பிளாஸ்டிக் ஏறத்தாழ 260 பாகை வெப்பத்தில் உருகும்போது அதன்கண் எஞ்சிய ஈரம் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். அறுந்த சங்கிலிகளை மீளத் தொடுப்பதாயின் அதற்கும் வெப்பமும் நேரமும் வேண்டும். தொடுக்காதுவிடின் அப்பொருள் போத்தலுக்கு ஆகாது, நாராகத் துணிக்கும் விரிப்புக்குமே ஆகும். வேற்றுவகைப் பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கலவாமை மற்றோர் இடர். பொலித்தீனுடன் பொலிபுறொப்பிலீன் சேரின் வலுக் குன்றும், பெற்றுடன் பி.வி.சி. சிறிதளவு சேரினும் நிறமும் தரமும் கெடும். ஆகவே பிரிக்கும் தொழில் எவ்வளவு செம்மையோ அவ்வளவே மீள்சுழற்சியும் செம்மையாகும்.

மீள்பயன்பாட்டின் செலவு

மீள்பயன்பாடு செலவின்றி வருவதன்று. மீண்டும் மீண்டும் உழைக்கவேண்டிய பொருளைத் தடிப்பாக ஆக்கவேண்டும். தடிப்பான பொருளுக்கு முதலிற் செலவாகும் சக்தி மிகுதி. அதனைத் திருப்பிச் சுமக்கவேண்டும், வெந்நீராற் கழுவவேண்டும். ஆகவே மீள்பயன்பாட்டின் கணக்கு இரு பகுதிகளை உடையது. ஆக்கற் சக்தியைப் பயன்பட்ட தடவைகளால் வகுத்து வருவது ஒன்று; ஒவ்வொரு தடவைக்கும் உரிய கழுவற் சக்தியும் சுமைச் சக்தியும் மற்றொன்று. தடவைகள் பெருகப் பெருக முதற்பகுதி தேயும். இரண்டாம் பகுதியோ தேயாது.

இதனை நன்கு விளக்குவது, கனடாவின் விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்டின் ஹொக்கிங் 1994இல் வெளியிட்ட கிண்ணங்களின் ஆய்வு. ஒரு பீங்கான் கிண்ணத்தை ஆக்க 14 மெகாயூலும், நெடிது பயன்படும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு 6.3 மெகாயூலும், எறியத்தக்க கடதாசிக் கிண்ணத்துக்கு 0.55 மெகாயூலும், நுரைப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு 0.2 மெகாயூல் அளவும் செலவாகும் என அவர் கணித்தார். கடதாசிக் கிண்ணத்தோடு ஒப்பிடின், பிளாஸ்டிக் கிண்ணம் 17 தடவையும் பீங்கான் கிண்ணம் 39 தடவையும் பயன்பட்டதும் சக்தியில் ஈடாகிவிடும். நுரைக் கிண்ணத்தோடு ஒப்பிடினோ, அவ்வெண்கள் முறையே 450, 1006 என உயர்ந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கிண்ணத்தில் இல்லை. கழுவும் பொறியில் உள்ளது. அக்காலத்துப் பொறியில் ஒரு கிண்ணத்தை ஒருமுறை கழுவச் செலவான சக்தி, ஒரு நுரைக் கிண்ணத்தை ஆக்கும் சக்தியை ஏறக்குறைய எட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மிஞ்சுவது மிகச் சிறு தொகையாதலின், முதற்செலவை ஈடுசெய்ய ஆயிரந் தடவை வேண்டியதாயிற்று. வெந்நீரைக் குறைப்பின் அவ்வெண் விரைந்து இறங்கும். வெந்நீரே மீள்பயன்பாட்டின் பெருஞ்செலவு என்பது இவ்வாய்வின் நற்பாடமாகும்.

பைகளைப்பற்றிப் பிரித்தானியச் சூழல் முகவர் நிலையம் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. அது சக்தியையன்றிப் புவியை வெப்பமாக்கும் வாயுக்களை அளவுகோலாகக் கொண்டது. ஒருமுறை பயன்பட்டெறியும் மெல்லிய பொலித்தீன் பைக்கு ஈடாதற்குத் தடித்த பொலித்தீன் பை 4 தடவையும், பொலிபுறொப்பிலீன் பை 11 தடவையும், பருத்திப் பை 131 தடவையும் பயன்படல் வேண்டும் என அது கண்டது. இயற்கைப்பொருள் எனப்படும் பருத்தியே மிகுந்த தடவைகளை வேண்டி நிற்றல் பலர்க்கும் வியப்பளித்தது. அவ்வாய்வின் மற்றொரு முடிபு இக்கட்டுரைக்கு இன்னும் நெருங்கியது. மெல்லிய பையை மீள்சுழற்சிக்கு அனுப்புவதிலும், அதனையே குப்பைக்கூடையின் உட்பையாகக் கொள்வது மேலான பயனைத் தருகின்றது; ஏனெனில் புதிய உட்பை ஒன்றை ஆக்கும் தேவை அதனால் ஒழிகின்றது.

இங்கு ஒரு பொதுவிதி புலனாகின்றது. பழம்பொருள் ஒரு புதுப்பொருளின் இடத்தைப் பிடிக்கும்போதே சக்தி மிஞ்சுகின்றது. வெறுமையான ஐஸ்கிறீம் பெட்டியில் மாவை இட்டுவைப்பவர், அதனால் வேறொரு பெட்டி வாங்காதொழிந்தாராயின், அப்பெட்டியின் சக்தி முழுவதும் மிச்சம். இருபது வெறும் பெட்டிகளை அலுமாரியில் அடுக்கிவைத்து, புதுப்பெட்டியும் வாங்குவாராயின், அது மீள்பயன்பாடு அன்று. குப்பையை வீட்டினுள் தாமதப்படுத்துதலேயாம்.

திரும்பும் வீதம்

இவ்விரு வழிகளையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தற்கு எளிய கணக்கொன்று உதவும். ஒரு லீற்றர் பானத்துக்கு 70 கிராம் எடையுள்ள திரும்பும் பெற் போத்தலையும், 30 கிராம் எடையுள்ள ஒருமுறைப் பெற் போத்தலையும் எடுத்துக்காட்டாகக் கொள்க. கிலோகிராமுக்கு 80 மெகாயூல் வீதம் முன்னையதன் பிளாஸ்டிக் 5.6 மெகாயூலும் பின்னையதன் பிளாஸ்டிக் 2.4 மெகாயூலும் கொள்ளும். ஒரு போத்தலைக் கழுவ ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்குவதாயின் அதற்கு 0.125 மெகாயூல் வேண்டும்.

விற்ற நூறு போத்தல்களில் 95 திரும்புமாயின், ஒரு போத்தல் சராசரி 20 தடவை நிரப்பப்படும். அப்போது தடவைக்கு 0.28 மெகாயூலும் கழுவற் சக்தியும் சேர்ந்து ஏறத்தாழ 0.4 மெகாயூல் ஆகும். அதே 95 வீதத்தில் மெல்லிய போத்தல் மீள்சுழற்சிக்குத் திரும்புமாயின், திரும்பியவை மணியாதற்கு ஒவ்வொன்றுக்கும் 0.5 மெகாயூலும், திரும்பாத ஐந்துக்கு ஈடான புதுப்பொருளுக்கு முழுச் சக்தியும் கொண்டு, தடவைக்கு ஏறத்தாழ 0.6 மெகாயூல் ஆகும். போத்தலாக ஊதும் சக்தி இதில் அடங்கவில்லை. அதனைச் சேர்ப்பின் இடைவெளி மேலும் விரியும், மெல்லிய போத்தல் ஒவ்வொரு சுற்றிலும் ஊதப்படுதலின்.

இனி, நூற்றுக்கு 80 மட்டும் திரும்புவதாகக் கொள்க. அப்போது தடித்த போத்தல் சராசரி ஐந்து தடவையே நிரப்பப்படும். அதன் சக்தி தடவைக்கு ஏறத்தாழ 1.25 மெகாயூலாக, மூன்று மடங்காக உயர்ந்துவிடும். மெல்லிய போத்தலின் கணக்கோ 0.9 மெகாயூல் அளவிலேயே நிற்கும். ஊதும் சக்தியையும் சேர்ப்பின் இரண்டும் ஒன்றையொன்று அணுகிவிடும். திரும்பும் வீதத்தில் பதினைந்து பங்கு குறைந்தமையே இத்துணை மாற்றத்தை விளைவித்தது. சுமந்து திருப்பும் தூரம் நெடிதாயின் மீள்பயன்பாட்டின் நிலை இன்னும் தாழும். ஆகவே கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்னும் வினாவிலும், எத்தனை தடவை, எத்துணைத் தூரம் என்னும் வினாவே முதன்மையானது.

ஜேர்மனியின் அனுபவம்

இக்கணக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒரு நாடு முழுவதிலும் அது சோதிக்கப்பட்டது. ஜேர்மானியக் கனிமநீர் ஆலைகளின் கூட்டுறவுச் சங்கத்துக்காகக் குந்தர் குப்பெற்ஸ் என்னும் வடிவமைப்பாளர் 1969ஆம் ஆண்டில் 0.7 லீற்றர் கொள்ளும் பொதுப்போத்தல் ஒன்றை அமைத்தார். பல ஆலைகளும் ஒரே வடிவத்தை ஏற்றமையே அதன் சிறப்பு. எந்த ஆலையின் போத்தலும் அயலிலுள்ள எந்த ஆலையிலும் நிரப்பப்படலாமாதலின் வெறும் போத்தல் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பின்னர், 1990ஆம் ஆண்டளவில், திரும்பும் பெற் போத்தல்களும் அங்கு வழக்கிற்கு வந்தன. கண்ணாடிப் போத்தல் 50 தடவை வரையும் பெற் போத்தல் 25 தடவை வரையும் நிரப்பப்படலாம் என்பர். கண்ணாடியின் தடவைகள் மிகுதியாயினும், பெற்றின் எடை குறைவாதலின் சுமையிற் செலவாகும் சக்தி மிஞ்சுகின்றது. எறிதற்குரியதென உலகம் கருதிய பிளாஸ்டிக்கே கழுவி நிரப்பப்பட்டு இருபது முறை மேசைக்கு வரக்கூடும் என்பதை இது நிறுவிற்று.

ஆயினும் அந்நாட்டின் பிற்கால வரலாறு எச்சரிக்கையாகவும் அமைந்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருமுறைக் கொள்கலங்களுக்கும் பிணைப்பணம் விதிக்கப்பட்டது. திரும்பும் கனிமநீர்ப் போத்தலுக்கு 15 சதமும் ஒருமுறைப் போத்தலுக்கு 25 சதமும் என அது அமைந்தது. எறிவதைக் குறைத்து மீள நிரப்புதலை வளர்ப்பதே நோக்கம். ஆனால் மக்கள் இருவகைப் போத்தல்களையும் ஒரே கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றமையால், ஒன்று கழுவப்படுவது, மற்றொன்று நசுக்கப்படுவது என்னும் வேறுபாடு அவர்கள் கண்ணுக்கு மறைந்தது. மலிவுக் கடைகள் ஒருமுறைப் பெற் போத்தலையே பெரிதும் விற்றன. அப்போத்தல்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை திரும்பி மீள்சுழற்சிக்குச் சென்றன, இது பெருவெற்றியே. ஆனால் மீள நிரப்பும் போத்தல்களின் பங்கு தேய்ந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்பங்கு நூற்றுக்கு 70 ஆதல் வேண்டும் என இலக்கு வகுத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அது 40ஐச் சிறிது கடந்த அளவிலேயே நின்றது. மீள்சுழற்சியின் வெற்றி மீள்பயன்பாட்டின் இடத்தைக் கவர்தலும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முடிபு

பிற நாடுகள் பலவற்றில் அத்தகைய வெற்றியும் நிகழ்ந்திலது. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலதிபர் சங்கம், வளைந்தோடும் அம்புகளாலாய முக்கோணத்தினுள் ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிடும் குறியீட்டை வகுத்தது. அது பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே உணர்த்துவது. ஆயினும் அம்புகளைக் கண்ட மக்கள், அப்பொருள் மீள்சுழற்சி அடையும் என்னும் உறுதிமொழியாகவே அதனைக் கொண்டனர். 2013இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக்க விதி திருத்தப்பட்டது. 2017இல் றோலன்ட் கெயர் என்பவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட கணக்கின்படி, 1950 முதல் 2015 வரை உலகில் ஆக்கப்பட்ட பிளாஸ்டிக் 830 கோடி தொன். அவற்றுள் 630 கோடி தொன் கழிவாயிற்று. அக்கழிவில் நூற்றுக்கு 9 பங்கே மீள்சுழற்சி அடைந்தது. 12 பங்கு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 பங்கு குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிற்று. 1950இல் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னாயிருந்த உற்பத்தி 2015இல் 38 கோடி தொன்னாயிற்று. மீள்சுழற்சி ஒரு கிலோகிராமிற் காக்கும் சக்தி உண்மையே. ஆனால் காக்கப்படும் கிலோகிராம்கள் சிலவே.

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் போதரும். எறிதலிலும் மீள்சுழற்சி சாலச் சிறந்தது. நன்கு திரும்பும் ஒழுங்கும், அணித்தான கழுவுமிடமும், அளவான வெந்நீரும் வாய்க்குமிடத்து மீள்சுழற்சியிலும் மீள்பயன்பாடு சிறந்தது. அவ்வொழுங்கு குலையுமிடத்து அச்சிறப்பும் குலையும். ஆகவே மீள்பயன்பாடு ஒரு பொருளின் குணமன்று. ஒரு சமுதாயத்தின் பழக்கம். தடித்த போத்தலைச் செய்வது தொழிற்சாலைக்கு எளிது. அது இருபது முறை திரும்பி வருமாறு கடையையும், ஆலையையும், வீட்டையும் ஒன்றாய்ப் பிணைப்பதே அரிது. அவ்வரிய பிணைப்பு ஒருகாலத்தில் ஊர்தோறும் இருந்தது. அதனைக் கலைத்தற்கு ஒரு தலைமுறைக் காலமே போதியதாயிற்று; மீளக் கட்டுதற்கு ஜேர்மனி போன்ற நாடும் இன்னும் முயன்றவண்ணமே உள்ளது.

உலையும் கரியும் உடைந்த குடத்துக்கே உரியன என்பதைக் கன்னானிடம் சென்ற பழைய இல்லத்தார் அறிந்திருந்தனர். அவர்கள் மெகாயூலை அறியாதவர். ஆயினும் கணக்கிற் பிழைத்தாரல்லர்.